பாட்டுக்கு வயது 50, பலன் யாருக்கு?

ராக் இசை உலகுக்கு 2026 ஒரு பொன்விழா ஆண்டு. ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தொகுப்பும் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வும் 1976-இல் வெளிவந்தவை. அதே ஆண்டில்தான் 'அன்னக்கிளி' திரைப்படத்தின் வாயிலாக இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமானார். அவர் பிறந்த பண்ணைப்புரம், நான் வசிக்கும் போடிநாயக்கனூரைப் போலவே, ஏலமலையின் அடிவாரத்து ஊர்.

ராக் இசைக்கும் இம்மலைக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். இரண்டு இசைகளின் பின்னணியிலும் உழைப்பாளர் வாழ்வு உண்டு. 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான பிளாக் சப்பாத் குழுவின் முதல் தொகுப்பே 'ஹெவி மெட்டல்' இசையின் தொடக்கம் எனப் பலரும் கருதுகின்றனர். அக்குழுவினர் பர்மிங்காம் தொழில் நகரத்து இளைஞர்கள். கிதார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகட்டு ஆலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்தவர். உறை செய்து பொருத்திக்கொண்டு வாசித்தார். இங்கோ, 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடி வாக்குத் திரட்டினார் பாவலர் வரதராஜன். அவரது குழுவில் பாடி வளர்ந்த தம்பியே இளையராஜா.

இசைத்தொகுப்புகளுக்கு இத்தனை ஆண்டுவிழாக்கள் ஏன்? போடியில் ஏலம் போகும் ஏலக்காய், நுகர்ந்ததும் தீர்ந்துவிடும். பாட்டு அப்படித் தீர்வதில்லை. ஒலிப்பதிவுச் செலவு ஒருமுறைதான். அடுத்தடுத்த பிரதிக்கு ஆகும் செலவு ஏறத்தாழ சுழியம். எனவே 25, 50 என்னும் எண்கள் பழைய சரக்கை மீண்டும் விற்பதற்கு நல்ல வாய்ப்பாகின்றன. இது தவறன்று; அந்த வருவாய் யாரைச் சேர்கிறது என்பதே வினா.

தயாரிப்பாளர் பணம் கொடுத்து உருவாக்கும் திரையிசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர் என 1977-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 சட்டத் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்க இயலாத உரிமத்தொகைப் பங்கை வழங்கியது. ஆனால், வயலினும் தபேலாவும் வாசித்தவர்கள்? 1994 திருத்தம் வரை அவர்களுக்கெனத் தனி உரிமையே நம் சட்டத்தில் இல்லை. இன்றும் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை 60 ஆண்டுகள். நிகழ்த்திய கலைஞரின் உரிமையோ 50 ஆண்டுகளே. அதாவது, பொன்விழா விற்பனை தொடங்கும் வேளையில் வாசித்தவரின் உரிமை முடிவுக்கு வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு வழி கண்டது. 2011-இல் இரு தரப்புக்கும் காலவரம்பை 50-இலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டித்தபோது, ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கிய கலைஞர்களுக்காக, 50 ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒலிப்பதிவு வருவாயில் 20 விழுக்காட்டை நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும் என்பதே அது.

நம் சட்டமும் முதலில் அந்தப் 10 ஆண்டு இடைவெளியை நீக்க வேண்டும். அடுத்து, இத்தகைய ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களில் அன்றாடக் கூலிக்கு வாசித்தவர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் வாழும் காலத்திலேயே உரியது சென்று சேர்வதுதான் பொன்விழாவுக்குப் பொருள் தரும்.