மோட்டார் கொட்டகையிலிருந்து ஓர் அழைப்பு

செல்போன் ஸ்டார்ட்டர் என்பது வயலில் நடப்பதை விவசாயிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி, அவர் அழுத்தும் எண்ணைக் கட்டளையாக ஏற்று பம்புசெட் மோட்டாரை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் கருவி. கடலூர் மாவட்டத்துக்கு இது பொருத்தமானது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து மேட்டுநிலங்கள் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியவை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் கொள்ளிடமும் வீராணம் ஏரியும் இருந்தாலும், மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமுன் நாற்று விடுகிறவர்களுக்குப் போர்த் தண்ணீரே கதி.

தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 முதல் அனைவருக்கும் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் வருவதும் போவதும் விவசாயியின் கையில் இல்லை. நள்ளிரவில் கரண்ட் வந்தால் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்தாக வேண்டும். எலியைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரப்பில் திரியும் நேரமும் அதுதான். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்ட்வால் உருவாக்கி, 2009இல் நோக்கியா நிறுவனத்தின் பரிசைப் பெற்ற 'நானோ கணேஷ்' இந்த நடையைக் குறைக்கப் பிறந்த கருவிகளில் முன்னோடி.

கருவிக்குள் ஒரு சிம் கார்டும், மூன்று முனைகளையும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் கவனிக்கும் சுற்றுகளும் இருக்கும். நிறுவும்போது விவசாயியின் எண்ணையும், அவர் எடுக்காவிட்டால் கூப்பிட வேண்டிய இன்னொருவர் எண்ணையும் பதிவு செய்கிறார்கள். பதிவான எண்களுக்கு மட்டுமே அது கட்டுப்படும். மின்சாரம் வந்ததும் அழைப்பு வரும். எடுத்தால், மோட்டார் ஓட இந்த எண், வேண்டாமென்றால் அந்த எண் என்று பதிவு செய்த குரல் சொல்லும்.

எச்சரிக்கை அழைப்பின் உயிர்நாடி மணியில் இல்லை, பதிலில் இருக்கிறது. மணி அடித்தது என்பதால் ஆள் எழுந்தார் என்றாகாது. போனை எடுத்தது விளையாடும் குழந்தையாக இருக்கலாம். தூக்கத்தில் விரல் பட்டிருக்கலாம். குரலைக் கேட்டு, சரியான எண்ணை அழுத்துவதே ஒருவர் விஷயத்தை அறிந்துகொண்டார் என்பதற்குச் சான்று. அது கிடைக்காதபோது நன்றாக வடிவமைத்த கருவி சற்று நேரம் விட்டு மீண்டும் கூப்பிடும், பிறகு அடுத்த எண்ணுக்குப் போகும். ஒப்புதல் கொடுத்ததால் கோளாறு தீர்ந்துவிட்டது என்றும் ஆகாது. அனல்மின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: கோளாறு வந்தால் விளக்கு சிமிட்டும், பொறியாளர் பொத்தானை அழுத்தினால் சிமிட்டல் நின்று நிலையாக எரியும், கோளாறு நீங்கினால்தான் அணையும்.

அழுத்திய எண்ணைக் கருவி அடையாளம் காண்பது ஒலியால். 1963இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் பொத்தான் தொலைபேசிக்குக் கொண்டுவந்த முறை இது. ஒவ்வொரு எண்ணும் இரண்டு ஒலிகளின் சேர்க்கை: 1 என்றால் 697, 1209 ஹெர்ட்ஸ், 5 என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒருசேர வந்தால்தான் எண்ணாகக் கணக்கு. அதனால் பேச்சுக்குரலையோ தவளைச் சத்தத்தையோ கருவி கட்டளையாக எடுத்துக்கொள்வது அரிது. செல்போன் பேச்சைச் சுருக்கி அனுப்புவதால் ஒலி சிதையக்கூடும். ஆகவே 2ஜியில் கைபேசி ஒலியையே அனுப்புவதில்லை. எந்தப் பொத்தான் என்ற செய்தியை மட்டும் அனுப்ப, தொலைபேசி நிலையம் அந்த ஒலியை எழுப்பித் தருகிறது.

ஒரு முனை போய்விட்டாலும், கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலும் காயில் கருகும். மறுபடி கட்டச் செலவு அதிகம். இங்கே வரிசை முக்கியம். கருவி முதலில் மோட்டாரை நிறுத்தும், அப்புறம்தான் கூப்பிடும். பாதுகாப்பு யாருடைய பதிலுக்காகவும் காத்திருக்கக் கூடாது.

சிம் ரீசார்ஜ் முடிந்தாலோ டவர் கிடைக்காவிட்டாலோ கருவி ஊமை. 2ஜி மட்டும் தெரிந்த பழைய கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. கரண்ட் போனதைச் சொல்லவேண்டுமானால் உள்ளே பேட்டரி வேண்டும். கேட்காமலே மோட்டாரை ஓட்டும் தானியங்கி நிலையில், கரண்ட் வந்த நொடியில் ஒரு டிரான்ஸ்பார்மரின் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி மின்னழுத்தம் சரியும்; ஆளுக்கொரு தாமதம் வைப்பது நல்லது. அந்த நிலையில் தேவை முடிந்தபின்னும் தண்ணீர் ஓடும். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும் என்பதால், இலவச மின்சாரமானாலும் கேட்டுவிட்டு ஓட்டும் நிலையே மேல்.

தொலைவிலிருந்து எண்ணை அழுத்துகிறவருக்கு மோட்டாரில் யார் கை இருக்கிறது என்று தெரியாது. பழுது பார்க்கும்போது செல்போனில் நிறுத்தினால் போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே மோட்டாரைத் தொட வேண்டும்.