இலைக்குள் ஒரு காவலன்

மழை குறைந்த வறண்ட காற்றே சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றத் துணைநின்றது. ஆனால், தொழிலுக்கு வாழ்வளிக்கும் அவ்வறட்சியே விருதுநகர் மாவட்டக் கரிசல் நிலத்தில் மானாவாரியாக விளையும் பருத்திக்கும் சோளத்திற்கும் சோதனையாக அமைகிறது.

மழை பொய்க்கும்போது பயிர், நீரிழப்பைத் தவிர்க்கத் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அதனால் கார்பன் டைஆக்சைடு உள்ளே வருவது குறைகிறது, வெயிலோ குறைவதில்லை. பசுங்கணிகத்தில் ஒளியாற்றலால் விடுபட்ட எலக்ட்ரான்களுள் சில, உரிய வழியில் செல்ல இயலாமல் ஆக்சிஜனுடன் சேர்கின்றன. அவ்வாறு உருவாகும் சூப்பர் ஆக்சைடு மிகுந்தால் செல்லின் சவ்வுகளும் புரதங்களும் சிதையும். பட்டாசில் வெடியுப்பு அளிக்கும் ஆக்சிஜன் கரியையும் கந்தகத்தையும் எரிப்பதை நாம் அறிவோம். இலையிலும் கட்டுமீறிய ஆக்சிஜன் கேடே விளைவிக்கிறது.

இக்கேட்டைத் தணிக்கும் நொதியே சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். இதன் செயலை 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கார்டு, ஃபிரிடோவிச் ஆகியோர் வெளிப்படுத்தினர். இது சூப்பர் ஆக்சைடை ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. பின்னதும் தீங்குடையதே. அதனைக் கேட்டலேஸ் முதலிய பிற நொதிகள் சிதைத்து நீராக்குகின்றன.

கண்ணுக்குப் புலப்படாத இந்நொதி ஓர் இலையில் எவ்வளவு உள்ளது என்பதை எவ்வாறு அறிவது? அதற்கு உதவுவது எதிர்ப்பொருள். தூய்மைப்படுத்திய நொதியை முயலின் உடலில் செலுத்தினால், முயல் அதனை அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்கும். பூட்டுக்கேற்ற சாவிபோல, அது அந்நொதியையே இனங்கண்டு பற்றும். இலைச்சாற்றின் புரதங்களை மின்புலத்தில் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு மென்படலத்திற்கு மாற்றி, அதன்மீது எதிர்ப்பொருளை இடுவர். நொதி உள்ள இடம் நிறமாகவோ ஒளியாகவோ ஒரு பட்டையாய்த் தோன்றும். பட்டையின் அடர்த்தி நொதியின் அளவை உணர்த்தும். அது செயல்படும் திறனைத் தனிச்சோதனையால்தான் அறிய வேண்டும்.

இவ்வறிவு பயிருக்கும் பயன்படுகிறது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள், உவர்நீரில் வளரும் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்திலிருந்து இந்நொதிக்கான மரபணுவைப் பிரித்தெடுத்து, பூசா பாஸ்மதி-1 நெல்லில் செலுத்தினர். அந்நெல் உவர்ப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கியதை 2008ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

ஆய்வகத்தில் தாங்கிய பயிர் வயலிலும் தாங்க வேண்டும்; விளைச்சலும் தர வேண்டும். வானம் பார்த்த பூமியின் உழவர் வேண்டுவதும் அதுவே.