துடைப்பதற்கு முன்

பல ஆண்டுகள் உழைத்த கணினி மெல்லத் தளர்கிறது. நீக்கிய மென்பொருள்களின் எச்சங்களும், அறியாமல் புகுந்த நச்சுநிரல்களும் அதன் வேகத்தைக் குறைக்கின்றன. அத்தகைய கணினியின் வட்டினை முழுவதும் துடைத்துவிட்டு, விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது வழக்கம். பழுதுபார்க்கும் கடைகளில் இதற்கு 'ஃபார்மட் செய்தல்' என்று பெயர்.

நிறுவும் வேலை அவ்வளவு கடினமன்று. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவ் ஒன்றில், வேறொரு கணினியின் உதவியால் நிறுவுகோப்புகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து கணினியைத் தொடங்கி, வட்டின் பழைய பகுதிகளை நீக்கினால், எஞ்சிய வேலையைக் கணினியே செய்து முடிக்கும். முன்பு உரிமத்துடன் இயங்கிய விண்டோஸ் 10 அல்லது 11 எனில், அதே பதிப்பை நிறுவுவதற்குப் பெரும்பாலும் மீண்டும் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இழப்பு நேர்வது கவனக்குறைவினால்தான். 'படங்களெல்லாம் டி டிரைவில் உள்ளன. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது' என்று பலர் நம்புகின்றனர். சி, டி எனத் தோன்றும் இரண்டும் பெரும்பாலும் ஒரே வட்டின் இரு பகுதிகளே. வீட்டையே இடிக்கப்போகும்போது பொருள்களை அடுத்த அறைக்கு மாற்றுவதால் என்ன பயன்? கோப்புகளைத் தனி வட்டில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று வேறொரு கணினியில் பார்த்த பின்னரே துடைக்க வேண்டும்.

தமிழர் வீட்டுக் கணினியில் காக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழைப் பலரும் 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். பாமினியில் 'அம்மா' என்று எழுதினால், கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகளே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு. வட்டினைத் துடைக்கும்போது எழுத்துருவும் அழிந்துவிடும். அதன்பின், தாத்தா எழுதிவைத்த குடும்ப வரலாறு பத்திரமாகப் படியெடுக்கப்பட்டிருந்தாலும், திறந்தவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே காட்சி தரும். கோப்பு பழுதாகிவிட்டது என்றெண்ணி அதனை நீக்கிவிடுவோரும் உண்டு!

எனவே, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையிலிருந்து பழைய எழுத்துருக்களையும் படியெடுத்தல் வேண்டும். எழுத்துமாற்றிகளைக் கொண்டு அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது அதனினும் நன்று. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் 'அ' என்னும் எழுத்துக்கு 2949 என்று தனி எண் உண்டு. அந்த எண் வேறெந்த மொழியின் எழுத்தையும் குறிப்பதில்லை. ஆதலால் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

புதிய விண்டோஸில் தமிழைப் படிக்க 'நிர்மலா' எழுத்துரு உடன் வருகிறது. தமிழில் தட்டச்சு செய்வதற்கு மட்டும், மொழி அமைப்புகளுக்குள் சென்று 'தமிழ்99' விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.