இருதயத்தை அணைக்கும் மென்கரம்

சத்திரசிகிச்சையின்போது இருதயம் திடீரென நின்றுவிடுமாயின், திறந்த மார்பினுள் வைத்தியர் தமது கையை நுழைத்து, அதனை அழுத்தியும் தளர்த்தியும் இரத்தத்தை ஓடச் செய்வதுண்டு. சில நிமிடங்களுக்கு அக்கை போதும். தளர்ந்த இருதயத்துடன் மாதக்கணக்காக மாற்று இருதயத்துக்குக் காத்திருப்பவருக்கு எந்தக் கை உதவும்?

இன்று அத்தகையோர் பலருக்கு இரத்தத்தை இறைக்கும் சிறு பம்பிகளைப் பொருத்துகின்றனர். அவை எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளன. ஆயினும், அந்நியப் பொருளைத் தொடும் இரத்தம் உறைய முற்படும். உறைந்த கட்டி மூளையை அடைந்தால் பாரிசவாதம் உண்டாகலாம். உறையாதிருக்க மருந்து கொடுத்தாலோ, இரத்தப்பெருக்கு ஏற்படும் என்ற அச்சம் உண்டு.

அப்படியாயின், இரத்தத்தைத் தொடாமலே இருதயத்துக்கு உதவ இயலாதா? அமெரிக்காவிலுள்ள ஹாவார்ட் பல்கலைக்கழகத்தையும் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையையும் சேர்ந்த எலன் றோஷ், கொனர் வோல்ஷ் முதலிய ஆராய்ச்சியாளர் 2017ஆம் ஆண்டில் இதற்கொரு விடையை வெளியிட்டனர். இருதயத்தின் மேல் சட்டைபோல அணிவிக்கப்படும் சிலிக்கோன் உறையே அது. இரும்பும் உருக்கும் இன்றி, நெகிழும் பொருளால் ஆக்கப்படும் 'மென் ரோபோ' வகையைச் சேர்ந்தது.

இதன் தசைகளுக்குப் பழைய வரலாறு ஒன்றுண்டு. ஜோசப் மக்கிபென் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளர், இளம்பிள்ளைவாதத்தால் கைவலுவிழந்த தம் மகளின் பொருட்டு 1950களில் ஒரு செயற்கைத் தசையை அமைத்தார். இறப்பர்க் குழாயின் மேல் ஒரு பின்னல் உறை, அவ்வளவுதான். காற்றை ஏற்றினால் குழாய் பருக்கும். பருக்கப் பருக்கப் பின்னல் விரிந்து அதன் நீளத்தைக் குறுக்கும். நம் தசையும் இவ்வாறே குறுகி இழுக்கின்றது.

இருதயமோ வெறுமனே சுருங்குவதில்லை. நாம் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல, முறுகியே இரத்தத்தை வெளியேற்றுகின்றது. ஆகவே, உறையிலும் இரு படைகள் வைத்தனர். வளையமாக அமைந்த தசைகள் அழுத்தும். சுருளாக அமைந்தவை முறுக்கும்.

ஆக்குவதிலும் அரிது அதனை ஆள்வது. இரும்புக் கைக்கு மூட்டுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் எத்தனை பாகை திரும்பிற்று என்றறிந்தால் கையின் நிலையைக் கணித்துவிடலாம். மெல்லுடலோ எவ்விடத்திலும் வளையும். குழாய்வழியே காற்று வந்து நிரம்பவும், பின் வெளியேறவும் சிறிது நேரம் செல்லும். இருதயம் சுருங்கும் வேளையில் உறை அழுத்தினால் அது துணை. விரிந்து இரத்தத்தை ஏற்கும் வேளையில் அழுத்தினால் அதுவே தடை. எனவே, துடிப்போடு ஒத்திசைந்து காற்றை ஏற்றி இறக்கல் வேண்டும். இடப்பக்கம் மிகத் தளர்ந்திருப்பின் அப்பக்கத் தசைகளுக்கு அழுத்தத்தைக் கூட்டவும் இயலும்.

இருதயம் செயலிழக்கச் செய்யப்பட்ட பன்றிகளில் இவ்வுறையைச் சோதித்தபோது, வெளியேறும் இரத்தத்தின் அளவு மீண்டும் உயர்ந்தது. ஆயினும் அது குறுகிய நேரச் சோதனையே. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கும் இருதயத்தோடு மாதக்கணக்கில் உழைப்பது வேறு. உறை கிழியாதிருத்தல் வேண்டும். இருதயத்தின் மேற்பரப்பு உராய்ந்து புண்ணாகாதிருத்தலும் வேண்டும்.

இவ்வாராய்ச்சியில் சத்திரசிகிச்சை நிபுணரும் எந்திரவியலாளரும் ஒருங்கே உழைத்தனர். உயிரியலா, கணிதமா என்று தயங்கும் மாணவர் இதனை நோக்குதல் நன்று. ஒன்றைக் கற்பவர் மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. எவ்வளவு வலிமையோடு அழுத்துவது என்பதைக் கணக்குச் சொல்லும். எப்போது விட்டுக்கொடுப்பது என்பதை இருதயமே சொல்லும்.