கொரிய நாட்டு மூலிகையும் மூச்சிரைப்பு நோயும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பர் நம் முன்னோர். மூச்சிரைப்பினால் படுக்கவும் முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே கழிப்பவர்களுக்கு இதன் உண்மை நன்கு விளங்கும். ஆஸ்துமா எனப்படும் இந்நோய்க்குக் கொரிய நாட்டு மருத்துவம் என்ன வழி கூறுகிறது என்பதைக் காண்போம்.

முதலில் நோயை அறிவோம். தூசி, பூந்தாது, குளிர்காற்று முதலியன பட்டதும் மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளியும் சேர்ந்து வழியை அடைக்கிறது. பலருக்கு இதன் காரணம் நோய் எதிர்ப்புச் சக்தியின் குறைவு அன்று. தீங்கற்ற தூசியையும் பகைவன் என எண்ணி அச்சக்தி அளவுக்கு மீறிப் போரிடுவதேயாகும். ஆகவே வேண்டுவது சமநிலையே.

கொரிய அரச மருத்துவர் ஹோ ஜூன், மன்னர் ஸோன்ஜோவின் கட்டளைப்படி 1596-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ நூலைத் தொகுக்கத் தொடங்கினார். போரினால் பணி தடைப்பட்டும் மனந்தளராது 1610-இல் முடித்தார். 25 தொகுதிகள் கொண்ட 'தோங்குய் போகாம்' என்னும் அந்நூல் 1613-இல் அச்சேறியது. எளிய மக்களும் அறியும் பொருட்டு மூலிகைகளின் நாட்டுப் பெயர்களும் அதில் தரப்பட்டன. 2009-இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இம்மருத்துவர்கள் இரைப்பு மிகுந்தபோது சளியை அகற்றுவர். தணிந்தபோது உடலைத் தேற்றுவர். நீர்த்த சளியுடன் இரைப்பவர்க்குத் தரும் ஒரு கஷாயத்தின் பெயர் 'சிறு நீல டிராகன்'. பழைய சீன மருத்துவத்திலிருந்து வந்த இதில் எட்டுச் சரக்குகள் உண்டு. நாம் அறிந்த சுக்கும் அதிமதுரமும் அவற்றுள் அடங்கும். 'ஐஞ்சுவைக் கனி' எனப் பொருள்படும் ஓமிஜாவும் உண்டு.

இதன் முதன்மைச் சரக்கு மாஹ்வாங் என்னும் செடி. அதிலிருந்து 1885-இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் எபெட்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அது மூச்சுக்குழலை விரிக்கும். ஆனால் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். இக்காரணத்தால் 2004-இல் அமெரிக்கா அச்செடி கலந்த சத்து மாத்திரைகளைத் தடை செய்தது.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பது சரியன்று. குணம் தரும் பொருளே அளவு மீறினால் தீங்கும் தரும். கொரியாவிலும் பல்லாண்டு பயின்று உரிமம் பெற்றவர்களே இவற்றைத் தருகின்றனர். எனவே தோழியரே, வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நாடவேண்டாம். மூச்சு முட்டும் வேளையில் அடுப்பு மூட்டக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைவோம். இறைவன் மூலிகையைத் தந்தார். அதை அறிந்து பயன்படுத்த அறிவையும் தந்திருக்கிறார்.