மீன்தொட்டியில் துளை: சில்லுக்கு மருந்துண்டு, விரிசலுக்கு இல்லை!

நீலசந்திரா போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒரு வீட்டின் தரையே இன்னொரு வீட்டின் கூரை. மாடியில் மீன்தொட்டி உடைந்தால் நனைவது கீழ்வீட்டுக்காரரின் பாயும் அரிசியும்தான். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி சுமார் 127 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதன் எடை 127 கிலோ! ஆகவே, உபரிநீர்க் குழாய் பொருத்தத் துளையிடும்போது கண்ணாடி பழுதானால் அலட்சியம் கூடாது.

துளை எதற்கு?

மிகுதி நீர் தானே வழிந்து, கீழேயுள்ள வடிகட்டும் தொட்டிக்குச் சென்று, மோட்டார் மூலம் மேலே திரும்புவதற்கே இந்தத் துளை. வைரத்தூள் பதித்த வட்டத் துளைப்பானைக் கொண்டு, தண்ணீர் விட்டபடி, மெதுவாகத் துளைக்க வேண்டும். மறுபக்கம் எட்டும் நேரத்தில் அழுத்தினால் சில்லு பெயரும். டஃபன்ட் கண்ணாடியைத் துளைக்கவே கூடாது; முழுப் பலகையும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும்.

சில்லா, விரிசலா?

பெயர்ந்த பள்ளம் டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷருக்குள் முழுவதும் அடங்கினால் பயமில்லை. கூர்முனையை நனைத்த எமரித் தாளால் தேய்த்து, காயவைத்து, சிலிகான் பசை பூசிப் பொருத்தலாம். மரையைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும்.

விரிசல் கதையே வேறு. கண்ணாடியின் பலவீனத்துக்கு நுண்ணிய விரிசல்களே காரணம் என்று இங்கிலாந்துப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியான ஆய்வில் விளக்கினார். விரிசல் நீள நீள, அது மேலும் ஓடத் தேவையான விசை குறைந்துகொண்டே போகும். அதன்மேல் பசை தடவினால் கசிவு நிற்கலாம், பலம் திரும்பாது.

ஜெர்மனியின் பெர்லின் நகரில், ஓட்டல் கூடத்தில் இருந்த ராட்சத மீன்தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று வெடித்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் கொட்டியது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. அது அக்ரிலிக்கால் ஆனது. ஒரே காரணம் இதுதான் என்று நிபுணர்களால் உறுதி செய்ய இயலவில்லை.

என்ன செய்வது?

விரிசல் கண்ட பலகையை மாற்றுவதே உத்தமம். முடியாவிட்டால், சிறு விரிசலுக்கு, அதே கனமுள்ள கண்ணாடித் துண்டைத் தொட்டியின் உட்புறம் ஒட்டலாம். துண்டு விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது நிற்க வேண்டும். உட்புறம் ஒட்டினால் நீரின் அழுத்தமே அதைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும். பழைய பசையைப் பிளேடால் முழுவதும் சுரண்டிவிட வேண்டும். காய்ந்த சிலிகான்மீது புதியது சரியாக ஒட்டாது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகான் மீனுக்கு ஆகாது.

ஒரு வாரம் காயவிட்டு, திறந்த வெளியில் வைத்துச் சிறிது சிறிதாக நிரப்பி, இரண்டு நாளாவது கவனிக்க வேண்டும். விரிசல் ஒரு நூல் நீண்டாலும் அந்தப் பலகையை நம்ப வேண்டாம். துளையே வேண்டாம் என்பவர்களுக்கு, தொட்டியின் விளிம்பில் மாட்டும் உபரிநீர்ப் பெட்டியும் உண்டு.