குடலுக்கு நோய், நெஞ்சுக்குப் படம்

கரக்பூரில் நமது அடுத்த வீட்டு நண்பர் சென்ற திங்கள் சற்றுச் சினத்துடனே நம்மிடம் வந்தார். அவருடைய தம்பிக்கு ஈராண்டாக ஓயாத வயிற்றுப்போக்கு. உடல் துரும்பாய் இளைத்துவிட்டது. சீதபேதியென எண்ணி உண்ட மருந்துகட்குக் கணக்கில்லை. இறுதியில் கொல்கத்தா மருத்துவர் ஒருவர் அது கிரோன் நோய் எனக் கண்டறிந்தார். ஊசி மருந்து தொடங்குமுன் மார்பை எக்ஸ்ரே எடுத்து வருமாறும் பணித்தார். "குடலில் நோய், நெஞ்சுக்கு எதற்கு அண்ணா படம்?" என்பதே நண்பரின் வினா. நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். சரக்கு ரசீது எழுதும் குமாஸ்தா. ஆயினும் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை அவருக்கு உரைத்தவாறே இங்கும் வரைகின்றோம்.

குடலின் உட்புறத்தைப் போர்த்திருப்பது ஒரேயோர் அடுக்கு உயிரணுக்களே. ஒருபால் கோடானுகோடிக் கிருமிகள். மறுபால் நமது குருதி. இடையே உள்ள வேலி அவ்வளவு மெல்லியது. இவ்வேலியைக் காக்கும் படையணுக்கள் சைட்டோக்கைன் எனப்படும் சிறு புரதங்களின் வாயிலாகவே ஒன்றோடொன்று பேசுகின்றன. டி.என்.எப். என்பது 'தாக்கு' எனும் கட்டளை. 2000இல் அறியப்பட்ட இன்டர்லூக்கின்-22, வேலி அணுக்களையே நோக்கிப் 'பழுது பார், சளிப்படலம் சுர' என்கிறது. இன்டர்லூக்கின்-10 சிவப்பு சிக்னல். படையை நிறுத்துவது அது. கிரோன் நோயில் தாக்குதல் நில்லாமல் நடந்து, சொந்த வேலியே புண்ணாகின்றது.

இன்டர்லூக்கின்-10 அறியப்பட்டது 1989இல். அதனைச் சுரக்க இயலாத சுண்டெலிகளை ஜெர்மனியில் வளர்த்தபோது அவற்றின் குடல் அழன்றது. 1993இல் இச்செய்தி வெளியாயிற்று. கிருமிகளைக் குறைத்து வளர்த்தவற்றுக்கோ அழற்சி சிறிதே! நெருப்பு உள்ளேயிருப்பினும் விறகு வெளியிலிருந்தே வந்தது போலும். அப்புரதத்தையே ஊசியால் செலுத்தினால் நோய் தீருமென நம்பினர். நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 2000இல் பெல்ஜிய நாட்டினர், பாலைப் புளிக்கச் செய்யும் ஒரு நுண்ணுயிரே குடலுக்குள் அப்புரதத்தைச் சுரக்குமாறு செய்தனர். எலிகள் தேறின. பின்னர் நோயாளிகள் பதின்மர் அதனை உண்டனர், பெருந்தீங்கு நேரவில்லை. எனினும் அது இன்னும் மருந்துக்கடையை எட்டவில்லை. 2009இல் வேறோர் உண்மை வெளிப்பட்டது: இந்தச் சிவப்பு சிக்னலைக் காணும் திறனின்றிப் பிறந்து, கொடிய குடலழற்சியால் வருந்திய குழந்தையொன்று எலும்பு மச்சை மாற்றத்தால் நலமுற்றது.

நிறுத்தும் புரதத்தை ஊட்டுவது கைகூடாதபோது, தாக்கும் புரதத்தை மறிப்பது கைகூடிற்று. இன்பிளிக்ஸிமாப் எனும் ஊசி மருந்து டி.என்.எப்.பைப் பற்றி அடக்குவது. 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. பலருக்குப் புண் ஆறியது.

நண்பரின் வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது. காசநோய்க் கிருமி நம் நாட்டில் எத்தனையோ பேர் உடலில் ஓசையின்றி உறங்குகின்றது. அதனைச் சிறைவைத்திருக்கும் காவலுக்கும் அதே டி.என்.எப். வேண்டும். குடலுக்காக அதனை அடக்கினால் நெஞ்சில் சிறைக்கதவு திறந்துவிடக் கூடும்! ஆதலின் முன்னரே படமும் சோதனையும்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாளே தம்பியை அழைத்துச் சென்றார். படம் தெளிவாயிருந்தது, குருதிச் சோதனையோ உறங்கும் கிருமி உண்டெனக் காட்டிற்று. அதற்குரிய மாத்திரையைச் சில வாரம் உண்ட பின்னரே முதல் ஊசியாம். தம்பிக்குப் பொறுமையில்லை. "இன்னுமா?" என்று நாள்தோறும் நமது திண்ணைக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்துச் செல்கின்றான்.